ஹாங்காங் விமான நிலையத்திலிருந்து டிஸ்னிலேண்டுக்கு: ஒரு பேருந்தும் இரண்டு ரயில்களும்

ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்குச் செல்ல விரும்பும் உறவினர்கள் என்னிடம் வழி கேட்கும்போது, முதலில் நகருக்குள் போய் விடுதியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, மறுநாள் அங்கிருந்து பூங்காவுக்குப் புறப்படுவதாகவே தங்கள் திட்டத்தைச் சொல்கிறார்கள். வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் இந்தத் திட்டம் எவ்வளவு சுற்று என்பது விளங்கும். 1998 ஜூலையில் திறக்கப்பட்ட விமான நிலையம், லந்தாவ் தீவின் வடகரையை ஒட்டியிருந்த செக் லாப் கோக் என்னும் சிறு தீவையும் அதைச் சுற்றிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தையும் சேர்த்து அமைக்கப்பட்டது. டிஸ்னிலேண்டும் அதே லந்தாவ் தீவின் வடகிழக்கு ஓரத்தில், பென்னிஸ் பே என்ற குடாவைத் தூர்த்த நிலத்தில் 2005 செப்டம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே தீவில், ஒரே கரையோரப் பாதையில் இருக்கின்றன. நகருக்குப் போகிறவர் சிங் மா தொங்கு பாலத்தைக் கடந்து தீவைவிட்டு வெளியேறி, மறுபடியும் அதே பாலத்தின் வழியாகத் தீவுக்குத் திரும்புகிறார்.

நாங்கள் சென்றது என் கணவர், ஐந்து வயது மகள், அறுபத்தெட்டு வயதான என் மாமியார் ஆகியோருடன். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. படி ஏறி இறங்குவது கடினம். விமானம் விடியற்காலையில் தரையிறங்கியது. அன்றைக்கே பூங்காவைப் பார்த்துவிட்டு இரவு நகரில் தங்குவதென்று வைத்திருந்தோம். டாக்சி எடுத்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் பயணத்தைப் பொதுப் போக்குவரத்தில் மேற்கொள்வது அத்தைக்குச் சரிப்படுமா என்ற கேள்வி எங்களுக்கு இருந்தது. விமான நிலையத்திலிருந்து துங் சுங் நகருக்கு எஸ்1 பேருந்து, அங்கிருந்து சன்னி பே நிலையத்துக்கு ஒரு ரயில், சன்னி பேயிலிருந்து பூங்காவுக்கு இன்னொரு ரயில் என்பதே அந்த வழி. சரிப்பட்டது என்பதையும், எவ்வாறு என்பதையும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வருகைக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே பெட்டி, அட்டை, நேரம் ஆகியவற்றை முடிவு செய்துவிட்டால், பிறகு வரும் பேருந்தும் ரயில்களும் தாமாகவே எளிதாகிவிடுகின்றன. இவற்றை முடிவு செய்யாமல் கிளம்பினால், எவ்வளவு நல்ல போக்குவரத்து அமைப்பும் களைப்பைத்தான் தரும்.

புறப்படுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஹாங்காங்குக்குள் 14 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் வருகைக்கு முன்பதிவு என்ற நடைமுறையை இணையத்தில் முடித்து, அதன் சீட்டை அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். 2017 ஜனவரியில் இந்த முறை வந்தது. குழந்தைக்கும் தனியாகப் பதிய வேண்டும். குடிநுழைவுச் சாளரத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. சிறிய தாள் ஒன்றைத் தருகிறார்கள். திரும்பும்வரை அதைக் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

இனிப் பெட்டிகளைப் பற்றி. நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்; ஏனெனில் பொதுப் போக்குவரத்தைக் கைவிட்டு டாக்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை நினைத்தல்ல, பெட்டிகளை நினைத்தே அந்த முடிவுக்கு வருகிறார்கள். பெட்டிகளை எங்கே வைப்பது என்பதற்கு, இரவில் நீங்கள் எங்கே இருக்கப்போகிறீர்கள் என்பதே விடை. அன்றிரவே வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் பெட்டிகளை விமான நிலையத்திலுள்ள கட்டணப் பொருள் வைப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு, கைப்பையோடு கிளம்பலாம். எப்படியும் அங்கேதானே திரும்பப் போகிறார்கள். டிஸ்னிலேண்ட் வளாகத்துக்குள்ளேயே மூன்று விடுதிகள் உள்ளன. அவற்றில் தங்குகிறவர்கள் காலையிலேயே அங்கு போய்ப் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்கு நடக்கலாம் அல்லது வளாகத்தின் இலவசப் பேருந்தில் போகலாம். எங்களைப் போல இரவு நகரில் தங்குகிறவர்களுக்குத்தான் சற்று யோசனை தேவை. பூங்காவிலிருந்து நகருக்குப் போகும் ரயில் விமான நிலையத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே விமான நிலையத்தில் பெட்டியை விட்டால் இரவில் களைத்த குழந்தையோடு எதிர்த்திசையில் பயணம் செய்து அதை எடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் பெட்டிகளைக் கூடவே கொண்டு சென்று, பூங்காவின் வாயிலருகே கட்டணம் செலுத்தி வைத்தோம். இந்த வசதி எந்த அளவுப் பெட்டிவரை, எத்தனை மணிவரை கிடைக்கிறது என்பதைப் பயண நாளுக்கு முன்பே பூங்காவிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பெரிய பெட்டியை ரயிலில் அனுமதிப்பார்களா என்று அத்தை கவலைப்பட்டார். ஹாங்காங்கின் நகர ரயில் நிறுவனமான எம்.டி.ஆரின் விதிப்படி, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 170 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. எந்த ஒரு பக்கமும் 130 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விமான நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கும் பெரிய பெட்டியின் கூட்டளவு 158 சென்டிமீட்டர்தான். எனவே விமானத்தில் ஏற்றிய வழக்கமான பெட்டி எதுவும் ரயிலிலும் ஏறும். ஆயினும் ஆளுக்கொரு பெட்டிக்கு மேல் வேண்டாம் என்பது என் துணிந்த கருத்து. ஒரு கை பெட்டிக்கு, மறு கை குழந்தைக்கோ முதியவருக்கோ என்ற கணக்கு தவறினால், மின்தூக்கியின் வாசலிலும் பேருந்தின் படியிலும் திண்டாட்டம் தொடங்கிவிடும்.

அடுத்தது ஆக்டோபஸ் அட்டை. 1997-இல் அறிமுகமான இந்த அட்டையைப் பேருந்து, ரயில், டிராம், படகு, சிறு கடை என எல்லா இடங்களிலும் தொட்டுக் கட்டணம் செலுத்தலாம். வருகைக் கூடத்தில், நகருக்குப் போகும் விரைவு ரயிலான ஏர்போர்ட் எக்ஸ்பிரஸின் சேவை மையத்தில் வாங்கலாம். பெரியவருக்கான அட்டையின் விலை 150 ஹாங்காங் டாலர். அதில் 50 டாலர் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை, 100 டாலர் பயணத்துக்கு. மூன்று முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், 65 வயது நிறைந்த முதியவர்களுக்கும் தனி அட்டைகள் உண்டு. அவற்றில் சலுகைக் கட்டணம்தான் கழியும். முதியோர் சலுகை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. அத்தையின் கடவுச்சீட்டைக் காட்டி அவருக்கு முதியோர் அட்டையைக் கேட்டு வாங்கினோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. ஓர் அட்டையில் ஒருவர்தான் பயணம் செய்யலாம். ஆகவே குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை அட்டைகள் வேண்டும். வங்கி அட்டையைத் தொட்டுச் செல்லும் வசதியும் இப்போது பரவியிருக்கிறது. என்றாலும் குழந்தைக்கும் முதியவருக்கும் சலுகை வேண்டுமானால் ஆக்டோபஸே ஏற்றது. ரொக்கத்தை நம்பிப் பேருந்தில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹாங்காங் பேருந்துகளில் மீதிச் சில்லறை தருவதில்லை.

அட்டை வாங்கும் அந்த மையத்திலேயே ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் பயணச்சீட்டு விற்கிறார்கள். அந்த ரயிலின் நடைமேடை வருகைக் கூடத்துக்கு நேர் எதிரே, அதே தளத்தில் இருப்பதால் கால்கள் தாமாகவே அதை நோக்கிப் போகும். ஆனால் அது டிஸ்னிலேண்டுக்கு உரிய ரயில் அல்ல. தண்டவாளம் சன்னி பே வழியாகச் சென்றாலும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்பதில்லை. தீவைத் தாண்டி சிங் யீ நிலையத்தில்தான் முதலில் நிற்கும். அங்கே இறங்கி, வேறு ரயில் பிடித்து, வந்த வழியே சன்னி பேவுக்குத் திரும்ப வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து ஆலந்தூருக்குப் போக வேண்டியவர் சைதாப்பேட்டை வரை போய்த் திரும்புவதற்கு ஒப்பானது இது. கட்டணமோ பேருந்து வழியைவிடப் பல மடங்கு. மழை கொட்டும்போதும், பெட்டிகள் மிகுதியாக இருக்கும்போதும் குளிரூட்டிய கூடத்தைவிட்டு இறங்காமல் போகலாம் என்ற ஒரே வசதிக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. மற்றவர்களுக்கு எஸ்1 பேருந்துதான் வழி.

வருகைக் கூடத்திலிருந்து பேருந்து என்ற வழிகாட்டிப் பலகைகளைத் தொடர்ந்தால், சாய்தளத்தின் வழியாகவே தரைத்தளப் பேருந்து நிலையத்தை அடையலாம், படிகள் குறுக்கிடவில்லை. அங்கே ஏ என்ற எழுத்தில் தொடங்கும் பேருந்துகள் நகரின் பல பகுதிகளுக்குச் செல்பவை. எஸ் என்ற எழுத்தில் தொடங்குபவை விமான நிலையத்தைச் சுற்றியும் துங் சுங் நகருக்கும் ஓடுபவை. எஸ்64 என்ற பேருந்தும் துங் சுங்குக்குப் போகிறது. ஆனால் அது சரக்கு முனையங்களைச் சுற்றிக்கொண்டு செல்வதால் நேரம் கூடும். எண்ணைச் சரியாகப் பார்த்து எஸ்1 வரிசையில் நில்லுங்கள். எல்லோரும் வரிசையாகத்தான் ஏறுகிறார்கள். முதியவர், குழந்தை என்று சொல்லி முன்னால் போக முயல வேண்டிய தேவையே எழவில்லை, ஏனெனில் பேருந்துகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன.

ஈரடுக்குப் பேருந்தைக் கண்டதும் மகள் மாடிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். நாங்கள் அப்போதே பிரிந்துகொண்டோம்: அப்பாவும் மகளும் மாடியில், நானும் அத்தையும் கீழே பெட்டி அடுக்கின் அருகில். பெட்டிகளை அடுக்கில் படுக்கவைத்தபின் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொள்வது நல்லது; வளைவுகளில் சக்கரப் பெட்டிகள் நழுவி உருள்வதை நேரில் பார்த்தேன். முன்வாசலில் ஏறும்போது ஒருமுறை அட்டையைத் தொட்டால் போதும். நடுவாசலில் இறங்கும்போது தொட வேண்டியதில்லை. ரயிலில் முறை வேறு: உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் தொட வேண்டும். அத்தைக்கு இந்த வேறுபாட்டைப் பேருந்திலேயே சொல்லிவைத்ததால், ரயில் நிலையத்தில் அவரே தம் அட்டையைத் தொட்டு நிதானமாக உள்ளே போனார்.

பத்துப் பதினைந்து நிமிடங்களில் எஸ்1 துங் சுங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ரயில் நிலைய வாசலுக்குச் சிறு நடைதான். நிலையத்தையொட்டிப் பெரிய வணிக வளாகமும், மலைமேல் வீற்றிருக்கும் பெரிய புத்தரைக் காணச் செல்லும் நாங் பிங் கம்பிவட ஊர்தி நிலையமும் இருக்கின்றன. பூங்கா பெரும்பாலும் காலை பத்து மணியையொட்டித்தான் திறக்கிறது. விடியற்காலையில் வந்திறங்கியவர்களுக்கு நேரம் மிகுதியாக இருக்கும். அந்த நேரத்தைப் பூங்கா வாசலில் நின்று கழிப்பதைவிட, விமான நிலையத்திலேயே முகம் கழுவி, உடை மாற்றி, சிற்றுண்டி முடித்துவிட்டு வருவது மேல். எம்.டி.ஆரில் கட்டண எல்லைக்குள் எதையும் உண்பதும் குடிப்பதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீறினால் 2,000 ஹாங்காங் டாலர் வரை அபராதம். குழந்தையின் கையிலிருக்கும் பிஸ்கட்டை வாயிலுக்கு வெளியிலேயே தின்று முடிக்கச் சொல்லுங்கள்.

துங் சுங் நிலையத்தில் அகலமான நுழைவாயில் ஒன்று இருக்கும். பெட்டியோடும் தள்ளுவண்டியோடும் வருபவர்கள் அதன் வழியாகப் போக வேண்டும். மின்தூக்கிக்கான குறியீடுகளைப் பின்பற்றினோம். முழுப் பயணத்திலும் அத்தை ஒரு படிகூட ஏறவில்லை. துங் சுங் அந்தத் தடத்தின் கடைசி நிலையம் என்பதால் வண்டி காலியாகத்தான் புறப்படும். உட்கார இடம் உறுதி. அடுத்த நிலையமே சன்னி பே. ஐந்தாறு நிமிடப் பயணம். ஆயினும் இந்தத் தடத்தில் புதிய நிலையங்களுக்கான பணிகள் நடந்துகொண்டிருக்கின்றன. எனவே எத்தனையாவது நிலையம் என்ற எண்ணிக்கையை நம்பாமல், கதவுக்கு மேலுள்ள ஒளிரும் வரைபடத்தையும் அறிவிப்பையும் கவனித்து இறங்குங்கள். அறிவிப்புகள் கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் மூன்றிலும் வருகின்றன.

சன்னி பேயில் ரயில் மாறும்போது வெளியேறும் வாயிலைக் கடக்கக் கூடாது. கட்டண எல்லைக்குள்ளேயே டிஸ்னிலேண்ட் தடத்தின் நடைமேடைக்குப் போகலாம். மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சிறு தடம், பூங்கா திறப்பதற்குச் சற்று முன்பு 2005 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. எம்.டி.ஆரின் பழைய ரயில் பெட்டிகளையே புதுக்கி இதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சன்னல்களும் பிடிவளையங்களும் மிக்கி எலியின் தலை வடிவில் இருக்கின்றன. பெட்டிகளுக்குள் கண்ணாடிக் கூண்டுகளில் வெண்கலச் சிற்பங்கள் நிற்கின்றன. மகளுக்குப் பூங்கா இந்த ரயிலிலேயே தொடங்கிவிட்டது. பிடிவளையத்தை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அவள் கேட்க, எதிரே அமர்ந்திருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்து, அவளைத் தூக்கிக் காட்டும்படி என் கணவருக்குச் சைகை செய்தார். ஐந்து நிமிடங்கூட ஆகாத பயணம் அது. டாக்சியில் போயிருந்தால் எங்கள் மகள் இதை இழந்திருப்பாள் என்பதாலேயே, குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இந்த வழியை நான் மனமார வலியுறுத்துகிறேன்.

பேருந்து நிலையத்தில் காத்திருந்தது முதல் டிஸ்னிலேண்ட் நிலையத்தில் இறங்கியதுவரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிலையத்திலிருந்து பூங்கா வாயிலுக்கு மரங்கள் நிறைந்த அகன்ற நடைபாதை போகிறது. நடுவே திமிங்கிலத்தின் நீரூற்றின்மேல் மிக்கி நிற்கும் குளம். சமதரைதான், ஆனால் கோடைக்கால வெயிலில் முதியவர்களுக்குச் சற்று நீண்ட நடை, குடை அவசியம். வாயிலில் பைகளைச் சோதித்த பின்பே உள்ளே விடுவார்கள். நுழைவுச்சீட்டு குறிப்பிட்ட நாளுக்கு உரியது. சில நாட்களில் பூங்கா மூடியிருப்பதும் உண்டு என்பதால், விமானச்சீட்டு வாங்கும் முன்பே பூங்காவின் நாட்காட்டியைப் பார்த்துவிடுவது முறை.

நான்கு பேரும் பெட்டிகளும் இருக்கும்போது டாக்சியே லாபம் என்று சிலர் வாதிடுவார்கள். அதை முழுவதும் மறுக்க மாட்டேன். நள்ளிரவுக்குப்பின் தரையிறங்கி நேராக வளாக விடுதிக்குப் போகிறவர்கள், நடக்கவே இயலாதவரை அழைத்துச் செல்கிறவர்கள், இரட்டைக் குழந்தைகளோடு தனியாக வரும் தாய் ஆகியோர் டாக்சி எடுப்பதே சரி. லந்தாவ் தீவுக்குள் ஓடும் நீல நிற டாக்சிகள் சிவப்பு நிற நகர டாக்சிகளைவிடக் கட்டணம் குறைந்தவை. நீல வரிசையில் நில்லுங்கள். மற்றபடி, பகல் வேளையில், ஓரளவு நடக்க முடிந்தவர்களுக்குப் பேருந்து வழியில் மிச்சமாகும் பணம், பூங்காவுக்குள் குடும்பத்துக்கே ஒருவேளை உணவுக்குக் கைகொடுக்கும்.

சூறாவளிக் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை ஹாங்காங்கைச் சூறாவளிகள் தாக்கலாம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் பேருந்துகள் படிப்படியாக நிறுத்தப்படும், ரயில்கள் குறையும், பூங்காவும் மூடப்படும். மூன்றாம் எண் எச்சரிக்கை இருக்கும்போதே அடுத்த அறிவிப்பு எப்போது என்று கவனிக்கத் தொடங்குங்கள். திறந்தவெளி நிலையமான சன்னி பேயில் பெட்டிகளோடு அகப்பட்டுக்கொள்வதைவிட, விமான நிலையத்துக்குள்ளேயே காத்திருப்பது பாதுகாப்பு.

திரும்பும் பயணத்தில் நெரிசல் ஒன்றே சிக்கல். கோட்டையின் முன் இரவுக் காட்சி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நடைபாதையில் ரயில் நிலையத்தை நோக்கி நகரும். முதியவரும் தூக்கக் கலக்கத்தில் குழந்தையும் இருந்தால், காட்சி முடிந்தபின் முகப்பு வீதியிலுள்ள கடைகளில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கூட்டம் கரைந்தபின் புறப்படுங்கள். நாங்கள் அவ்வாறே செய்ததால் ரயிலில் அத்தைக்கு இருக்கை கிடைத்தது. இரவு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் இரவுக் காட்சியை விட்டுவிட்டு மாலையிலேயே வெளியேறுவதுதான் நல்லது. சன்னி பேயில் திசையை உறுதி செய்துகொள்ளுங்கள்: ஹாங்காங் என்று எழுதிய வண்டி நகருக்கு, துங் சுங் என்று எழுதியது விமான நிலையப் பக்கம். துங் சுங்கில் மீண்டும் அதே எஸ்1 பேருந்து. நள்ளிரவையொட்டி அதன் சேவை முடிகிறது.

ஊர் திரும்பும் நாளில், ஆக்டோபஸ் அட்டையை ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் சேவை மையத்தில் ஒப்படைத்து வைப்புத் தொகையையும் மீதியையும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி 90 நாட்களுக்குள் ஒப்படைத்தால் 11 ஹாங்காங் டாலர் கழித்துக்கொள்வார்கள். அந்த மையம் குடிநுழைவுச் சோதனைக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே போய்விட்டால் திரும்பி வர இயலாது. பெட்டிகளை விமான நிறுவனத்திடம் கொடுத்த உடனே, சோதனை வரிசையில் சேருவதற்கு முன், இந்த வேலையை முடித்துவிடுங்கள். முதியோர் அட்டையையும் குழந்தை அட்டையையும் மறக்காமல் பையிலிருந்து எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்; அவற்றிலும் தலைக்கு 50 டாலர் வைப்புத் தொகை இருக்கிறது.